கம்ப்யூட்டருக்குப் பட்ட தீட்டு

ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டு ஜவுளி மொத்தக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போனது. அதற்கு என் மாதவிலக்குதான் காரணம் என்று அந்த ஆபீசே நான்கு நாள் நம்பியது. தினமும் பேப்பர் படிப்பவர்கள், பம்பாய் கடைக்காரர்களிடம் இந்தியில் பேரம் பேசுகிறவர்கள், பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவர்கள், எல்லோரும் சேர்ந்து நம்பினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் நினைத்தால் காது மடல் சூடாகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. பெரணமல்லூர் பக்கம் ஒரு கிராமத்துக் காலனியிலிருந்து தினமும் பஸ் ஏறி ஆரணிக்கு வருவேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். நான் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வேலூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தேன். அந்தக் கோர்ஸில் மெஷின் கையில் கிடைத்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் கீபோர்டு படம் வரைந்த அட்டையில் விரலைத் தட்டிப் பழகினோம். அப்படிப் படித்து வந்த எனக்கு ஒரு முழு மெஷின், நாள் முழுக்க, என் கைக்குக் கிடைத்தது. வேலை கிடைத்ததைவிட அதில்தான் எனக்குப் பெருமை.

கம்ப்யூட்டர் வந்ததற்குக் காரணம் முதலாளியின் ரோஷம். காஞ்சிபுரத்தில் வேறொரு வியாபாரியின் கடையில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர், ஆறே மாதத்தில் மெட்ராஸிலிருந்து ஒன்றை வரவழைத்துவிட்டார். குடோனின் ஒரு மூலையைக் கண்ணாடியால் தடுத்து ஏ.சி. போட்டார்கள். அவர் உட்காரும் அறையிலேயே ஃபேன்தான். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் மெஷின் அது. ஃப்ளாப்பி போட இரண்டு வாய், பக்கத்தில் கீச்சுக்கீச்சென்று அடிக்கும் பிரின்டர், கரண்ட் ஏறி இறங்கினால் தாங்கிக்கொள்ள ஒரு ஸ்டெபிலைசர். எந்த நெசவாளர் வீட்டுத் தறியில் என்ன நிறம், என்ன பார்டர், எத்தனை சேலை தயார் என்ற சரக்குப் பட்டியலை அதில் ஏற்றுவேன். வெளியூர்க் கடைகளுக்கு அனுப்ப பிரதி எடுத்துக் கொடுப்பேன். அதுதான் என் வேலை.

அதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கையால் எழுதிவந்தவர் மேனேஜர். இருபது வருஷமாக முதலாளியோடு இருந்தவர். ஒரு பட்டியல் எழுதி முடிக்க அவருக்கு மூன்று நாள் ஆகும். நான் ஒரு மத்தியானத்தில் முடித்துக் கொடுத்தேன். இதில் என் தப்பு என்ன? ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஓடுகிற மெஷினை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை, ஷாக் அடிக்கும் என்று பயம். அந்த அறைக்குச் சட்டம் போடுவது மட்டும் அவர்தான். செருப்பை வெளியே விட வேண்டும், காலைக் கழுவ வேண்டும், உள்ளே சத்தமாகச் சிரிக்கக் கூடாது. தூசு சேரக் கூடாது என்பதற்காக என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். தூசுக்காக இல்லை. தினமும் காலையில் அவரே மெஷின் முன்னால் ஊதுபத்தி கொளுத்திவைத்து, சாம்பலைக் கீபோர்டு மேல் உதிர்த்துவிட்டுப் போவார். அதை ஊதித் துடைப்பவள் நான்.

ஆயுத பூஜை வந்தது. ஆரணியில் ஆயுத பூஜை என்றால் முதல் மரியாதை தறிக்குத்தான். தறியைத் துடைத்து, பலகை, மிதி, குறுக்கே நூல் ஓட்டும் நாடா, மேலே இருக்கும் டிசைன் பெட்டி என்று ஒரு பாகம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அசைகிற பாகம் எதுவும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. விட்டுப்போன பாகம் அந்த வருஷம் மக்கர் பண்ணும் என்று நம்பிக்கை. விரல் நுழையாத சந்துக்குத் தென்னை ஈர்க்கைச் சந்தனத்தில் தோய்த்து உள்ளே விட்டு வைப்பார்கள். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. சோறு போடுகிற பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் பொட்டு வைப்பது நல்ல வழக்கம்தான்.

கம்ப்யூட்டருக்கு அது முதல் ஆயுத பூஜை. நானே துடைத்து நானே பொட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு, கனகாம்பரம் வைத்துக்கொண்டு போனேன். மேனேஜர் கண்ணாடிக் கதவருகே கையை நீட்டித் தடுத்தார்.

"நீ வெளிய பொரி பொட்டலம் கட்டும்மா. உள்ள நாங்க பாத்துக்கறோம்."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பொட்டலம் கட்டினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறிக்குச் செய்கிற அதே முறையில் ஆரம்பித்தார். திரைக்கு மூன்று பொட்டு, கீபோர்டில் வரிசைக்கு ஒன்று, பிரின்டருக்கு இரண்டு, ஸ்டெபிலைசருக்கு ஒன்று. பிறகு பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பி, கையில் ஈர்க்கோடு அதன் பின்பக்கம் குனிந்தார். அங்கே அவர் என்ன செய்தார் என்று நான் இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தேன், அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து வேலை ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லோரும் அந்தச் சின்ன அறையில் வந்து நின்றார்கள். பிளக்கைச் சொருகினேன். முதலாளி சிரித்தபடி, "நீயே போடும்மா, உன் கை ராசியான கை" என்றார். முதலில் ஸ்டெபிலைசரைப் போட்டேன். அதன் விளக்கு எரிந்தது, முள் சரியான இடத்தில் நின்றது. பிறகு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்விட்சை மேலே தள்ளினேன்.

பட்டாசு வெடித்த மாதிரி டப்பென்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது, கருகின நாற்றம் அடித்தது. உள்ளே ஓட வேண்டிய ஃபேன் ஓடவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. ஸ்விட்சை உடனே கீழே இறக்கினேன்.

"ஐயோ, இன்னாம்மா ஆச்சி?" என்றார் முதலாளி. "பூஜை போட்ட மறுநாளே இப்டி ஆயிடுச்சே. பேஜாரா போச்சே."

மேனேஜர் மெஷினைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஆறேழு ஆண்கள் நிற்கிற அறையில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் கேட்டார்.

"இந்தாம்மா, நீ இன்னிக்கி சுத்தமா தானே வந்துகிற?"

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. குளித்தேனா என்று கேட்கிறாரோ என்று நினைத்தேன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்துத்தான் புரிந்தது.

"இல்லைங்க, எனக்கு அதெல்லாம் இல்லைங்க" என்றேன்.

அது உண்மைதான். அன்று எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பதிலை நினைத்துத்தான் இத்தனை வருஷமும் என் மேலேயே எனக்குக் கோபம். "அதை நீங்க எப்படிங்க கேக்கலாம்?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், திருட்டுப் பட்டம் கட்டினவனிடம் பையைத் திறந்து காட்டுகிறவள் போல, இல்லைங்க என்று கெஞ்சினேன். கெஞ்சியும் அவர் நம்பவில்லை.

"இல்லன்னுதான் சொல்லுவ" என்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் எந்தத் தெருவிலிருந்து வருகிறவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் தண்ணீர் குடிக்கிற டம்ளர் தனியாகத்தான் கவிழ்த்து வைத்திருக்கும். யாரும் அதைப் பற்றி வாயைத் திறந்து பேசியதில்லை. சாதியைச் சொன்னால் கேஸ் ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். மாதவிலக்கைச் சொன்னால் எந்த ஸ்டேஷனிலும் கேஸ் கிடையாது. அதனால் சொல்ல முடியாததை எல்லாம் இதில் ஏற்றிச் சொன்னார்கள். அப்படித்தான் எனக்குப் பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டு, மெஷின் ஏன் நின்றது என்று பார்க்க ஆரம்பித்தேன். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் டேபிள் ஃபேனைச் சொருகினேன், ஓடியது. ஸ்டெபிலைசரில் சொருகினேன், அதிலும் ஓடியது. ஆக கரண்ட் வருகிறது. அடுத்து ஒயர். பிரின்டரின் ஒயரும் கம்ப்யூட்டர் ஒயரும் ஒரே மாதிரி. கம்ப்யூட்டர் ஒயரைப் பிரின்டரில் மாட்டிப் பார்த்தேன், பிரின்டரின் விளக்கு எரிந்தது. ஒயரும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் கோளாறு பெட்டிக்குள்தான், அதுவும் கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில். பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைத் திருப்பக் கை வைத்தேன்.

"போதும், நிறுத்து" என்றார் மேனேஜர். "இருக்கறதையும் கெடுத்துட போற. வெளிய வா."

முதலாளியைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இஞ்சினியர் வந்து பாக்கட்டும்மா. அதுவரைக்கும் நீ உள்ள போவாத" என்றார். மேனேஜர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டார்கள். பூஜை விடுமுறை, நான்கு நாள் கழித்துத்தான் ஆள் வருவார் என்று பதில் வந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பட்டியல் போகாவிட்டால் கடைக்காரர்கள் வேறு இடத்தில் சரக்கு எடுத்துவிடுவார்கள். மேனேஜர் மறுபடியும் பேனாவை எடுத்து மேசையில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த திருப்தியை நான் மறக்கவே மாட்டேன். மெஷின் செத்ததில் அந்த ஆபீசில் லாபம் அடைந்தவர் அவர் ஒருவர்தான்.

போகிற போக்கில் முதலாளியிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்த மாதிரி சாமானுக்கு ஆம்பள ஆளுதான் சரிங்க. மாசா மாசம் இந்தத் தொல்லை இருக்காது." என் வேலை போகப்போகிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. அது போனால் மறுபடி மெஷினைத் தொட எனக்கு எங்கே வழி? மாவட்டத்தில் எத்தனை கம்ப்யூட்டர் இருந்திருக்கும் அப்போது? வேலூரில் அட்டை மேல் தட்டிய விரல் மறுபடி அட்டைக்கே போக வேண்டியதுதான்.

என்னைப் பின்கட்டுக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். அங்கே ஏழெட்டுப் பெண்கள் ராட்டையில் பட்டு நூல் இழைப்பார்கள். விஷயம் அவர்களுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அவர்களில் மூத்த ஒரு அக்கா ராட்டையை நிறுத்தாமலே சொன்னார்.

"நாங்க முப்பது நாளும் இதே நூலைத்தான் தொட்டுகினு கீறோம். எங்கள எவனாவது கேட்டானா? கேக்க மாட்டான். நாங்க மூணு நாள் நிறுத்தனா இவங்க தறி நின்னுபூடும்."

எனக்கு அதைக் கேட்டதும் கோபம் இரண்டு மடங்கு ஆனது. அந்த நூல்தான் சேலையாகிக் கல்யாண மேடைக்கும் கோயில் அம்மனுக்கும் போகிறது. நூலுக்குப் படாத தீட்டு மெட்ராஸிலிருந்து வந்த தகரப் பெட்டிக்கு எப்படிப் படும்?

மெஷினோடு ஒரு இங்கிலீஷ் புத்தகம் வந்திருந்தது. யாரும் படிக்காததால் அதை முதலாளி மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கினேன். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், மெஷின் ஆன் ஆகவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்ற பக்கத்தைப் படித்தேன். ஒன்று, பிளக் பாயின்ட்டில் கரண்ட். பார்த்துவிட்டேன். இரண்டு, ஒயர். பார்த்துவிட்டேன். மூன்றாவதாகப் படத்தோடு போட்டிருந்தது: பெட்டியின் பின்னால், கரண்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பள்ளத்துக்குள் சின்னதாகச் சிவப்பு ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் 230 என்று தெரியும், அது நம் ஊர் கரண்ட்டுக்கு. மறுபக்கம் தள்ளினால் 115, அது அமெரிக்கா மாதிரி ஊர்களுக்கு. நம் ஊர் கரண்ட்டில் 115-இல் வைத்துப் போட்டால் உள்ளே இருக்கும் பவர் பெட்டி வெடித்துவிடும், ஆகவே தொடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை.

பள்ளத்துக்குள், அசைகிற பாகம், விரல் நுழையாது. படித்த உடனே எனக்கு ஈர்க்கு ஞாபகம் வந்துவிட்டது. மெஷின் வந்து ஏழு மாதம் அந்த ஸ்விட்சை யாரும் தொடவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை மெஷின் ஓடியிருக்கிறது. நடுவில் அதன் பின்பக்கம் போனவர் ஒரே ஒருவர்தான்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினேன். "சார், ஒரே ஒரு நிமிஷம் கதவத் திறங்க. நான் எதையும் தொட மாட்டேன். பின்னாடி கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

"இஞ்சினியர் வருவாரு" என்றார்.

"அரை நிமிஷம் சார்."

"நீ படிச்சது போதும். போய் உக்காரு."

கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பெட்டியின் முகம்தான் தெரிந்தது, முதுகு சுவர் பக்கம். நான் நிரபராதி என்பதற்கான சாட்சி எட்டடி தூரத்தில் இருந்தது. அதைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மேனேஜரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் எப்போதும் பேசியதில்லை.

இஞ்சினியர் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், டை கட்டியிருந்தார். டப்பென்று சத்தம் வந்தது என்று போனில் சொல்லியிருந்ததால், கையோடு ஒரு புது பவர் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். அவர் வாசலில் ஷூ கழற்றும்போதே போய் நின்றேன்.

"சார், பின்னாடி சிவப்பு ஸ்விட்ச்ச மொதல்ல பாருங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். போகாதே என்று சொல்லியிருந்த அறைக்குள் நானும் பின்னாலேயே போனேன். யாரும் தடுப்பதற்குள் போய்விட்டேன். அவர் பெட்டியைத் திருப்பினார். மின்விசிறிக்கான ஓட்டையைச் சுற்றிக் குங்குமம். ஒயர் மாட்டும் இடத்தைச் சுற்றிச் சந்தனம். அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, நடுவில் ஈர்க்குக் குத்திய தடம் இருந்தது. ஸ்விட்ச் மேல் 115 என்று தெரிந்தது.

இஞ்சினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார் சார் இது? இவ்ளோ பக்தியா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவர் முனையால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்விட்சை 230-க்குத் தள்ளினார். பழைய பவர் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இரண்டு பாகம் கருகியிருந்தன. புதியதை மாட்டி ஆன் செய்தார். ஃபேன் ஓடியது, பீப் என்று சத்தம் வந்தது, பச்சை எழுத்துகள் வந்தன. எனக்கு அந்த நிமிஷம் அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

அந்த மரியாதை பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. அவர் சர்வீஸ் ரிப்போர்ட் எழுதினார். கார்பன் வைத்து எழுதிய பிரதியை என்னிடம்தான் ஃபைல் செய்யக் கொடுத்தார். கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில், கரண்ட் ஏற்ற இறக்கம் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

"இது பொய் சார்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், வருஷ சர்வீஸ் ஒப்பந்தம் அடுத்த மாசம் புதுப்பிக்கணும். மேனேஜர்தான் பேப்பர் மூவ் பண்றவர். அவரை மாட்டிவிடச் சொல்றீங்களா? மெஷின் ஓடுது, விடுங்க."

அவருக்கு ஒப்பந்தம். மேனேஜருக்கு மானம். என் பெயர் கெட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்படிக் கணக்குப் போட்டு எல்லோரும் சேர்ந்து பழியைத் தூக்கி மின்சார வாரியத்தின் மேல் வைத்தார்கள். வாரியம் வந்து மறுக்கவா போகிறது?

நான் விடவில்லை. அவர் சுரண்டிப் போட்ட சந்தனத் துண்டைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு, புத்தகத்தையும் அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜரும் அங்கேதான் நின்றிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி காகிதத்தில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார், புத்தகத்துப் படத்தைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.

"சந்தனம் வெச்சா மெஷின் கெடுமாங்க? எத்தினி தறிக்கு வெச்சிருக்கறேன்" என்றார் மேனேஜர்.

முதலாளிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை, "தப்பு உன்னுது இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன். அவர் சொன்னது இது:

"ஆச்சி, விடும்மா. இனிமே ஒரு ஏற்பாடு பண்ணிக்கலாம். மாசத்துல அந்த மூணு நாளு நீ உள்ள போவ வேணாம். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வெளிய உக்காந்து வேற வேலை பாரு. எதுக்கு வம்பு? இஷ்டம்னா இரு. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

செய்த தப்புக்கு மேனேஜருக்கு ஒன்றும் இல்லை. செய்யாத தப்புக்கு எனக்கு மாதத்தில் மூன்று நாள் தண்டனை. அதுவும் ஒவ்வொரு மாதமும் நானே போய், அந்த மனுஷரிடம், என் உடம்பில் நடப்பதைச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கே அந்த நாள் எது என்று தெரியாது. நான் தலையை ஆட்டாமல் வெளியே வந்தேன். ஆட்டவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. பெண் பேசாமல் போனால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர்கள் பழக்கம்.

அடுத்த ஏழெட்டு நாள் வேலை தலைக்கு மேல் இருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், மெட்ராஸ் கடைகளுக்குக் கடைசிப் பட்டியல் சாயங்காலப் பஸ்ஸில் பார்சலோடு போக வேண்டிய நாள். அன்று விடியற்காலையில் எனக்கு வந்துவிட்டது.

வயிற்று வலியோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வெளியே உட்காரலாம். வேலை நிலைக்கும். சொல்லாமல் உள்ளே போய் உட்காரலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அப்படிப் போனால் அவர்கள் சொன்னது சரி, நான் மறைக்கிறேன் என்றுதான் அர்த்தம். ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மூன்றாவதாக ஒன்றை முடிவு செய்திருந்தேன். வேலை போனால் போகட்டும் என்று பெரிய வீரமெல்லாம் இல்லை. பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

செருப்பை விட்டேன். காலைக் கழுவினேன். கண்ணாடிக் கதவைத் திறந்து அகலமாக நிறுத்திவைத்தேன். ஸ்டெபிலைசரைப் போட்டேன். முதலாளியும் மேனேஜரும் பார்சல் கட்டுவதைப் பார்த்தபடி குடோனில் நின்றிருந்தார்கள்.

"மேனேஜர் சார்" என்று கூப்பிட்டேன். இருவரும் திரும்பினார்கள். "சொல்லணும்னு சொன்னீங்க இல்ல? சொல்றேன். இன்னிக்கி எனக்கு மொத நாளுங்க."

ஸ்விட்சை மேலே தள்ளினேன்.

ஃபேன் ஓடியது. பீப் என்றது. பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. பின்கட்டில் ராட்டைச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

மேனேஜரின் முகம் கறுத்துவிட்டது. "ஆஃப் பண்ணு" என்றார். "நீங்க வந்து பண்ணுங்க சார்" என்றேன். அவர் வாசல் வரை வந்தார். ஓடுகிற மெஷினைத் தொட ஷாக் பயம் ஒரு பக்கம், உள்ளே காலை வைக்க என் தீட்டு ஒரு பக்கம். அங்கேயே நின்றார். பிறகு முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சாயங்காலம் பார்சல் போயாக வேண்டும்.

நான் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். மத்தியானம் வரை அந்த அறைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. வலி இடுப்பைப் பிடித்து இழுத்தது, எழுந்திருக்கவில்லை. மூன்று மணிக்குப் பிரின்டர் கடைசித் தாளை அடித்து முடித்தது. தாள்களை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். மேசை மேல் வைக்கவில்லை, கையில் நீட்டினேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் சரியா இருக்குதா?"

"ரெண்டு தடவை சரிபாத்துட்டேங்க."

வழக்கம் போல நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, கையெழுத்துப் போட்டு, பார்சலில் வைக்கச் சொன்னார். திரும்பிக் கதவு வரை வந்தவளை, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"நாளைக்கும் வருவியாம்மா?"

"நாளைக்கு ரெண்டாவது நாளுங்க. ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுவேன்."